அப்பாவுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை: வேரியன்ஸ் கேட்கும் முன்

கேள்வி: நியூ ஜெர்சியில் மிடில்செக்ஸ் கவுண்டியில் வீடு வைத்திருக்கிறோம். 50 அடிக்கு 100 அடி லாட். பெட்ரூம் எல்லாம் மாடியில். கீழே குளிக்க வசதி இல்லாத சின்ன டாய்லெட் மட்டும். மதுரையில் இருக்கும் அப்பாவுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. படி ஏற முடியாது. அவரையும் அம்மாவையும் எங்களோடு வைத்துக்கொள்வதற்காக வீட்டின் பின்பக்கம் 14 அடி அகலம், 17 அடி ஆழத்தில் ஒரு அறை, பாத்ரூம், அம்மாவுக்கு ஒரு சின்ன அடுப்பு மேடை, தனி வாசல் என்று திட்டம் போட்டோம். டவுன்ஷிப் மறுத்துவிட்டது. பின்பக்கம் 30 அடி விட வேண்டிய இடத்தில் 26 அடி, இடது பக்கம் 8 அடிக்கு 6 அடி, கட்டடப் பரப்பு 25 சதவீதத்துக்குப் பதில் 30.2 சதவீதம் என்று மூன்று குறை சொல்கிறார்கள். "இப்போதைக்கு டெக் (திறந்த மரத்தளம்) என்று கட்டிவிட்டு அடுத்த வருடம் சுவர் எழுப்பிக்கொள்ளலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். "டாக்டர் கடிதத்தைக் காட்டினால் விதிவிலக்கு கொடுக்கும் ஜோனிங் போர்டு மறுக்கவே முடியாது" என்கிறார் ஒரு நண்பர். எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய சர்வே நகலையும் மறுப்புக் கடிதத்தையும் நிதானமாகப் பார்த்தேன். மறுப்பு வந்ததே என்று கலங்காதீர்கள். வேரியன்ஸ், அதாவது கட்டட விதியிலிருந்து விலக்கு, கேட்டு வாங்கிய பலருடைய கோப்பிலும் முதல் காகிதம் அந்த மாதிரி மறுப்புக் கடிதம்தான். 

கான்ட்ராக்டர் சொன்னதை இப்போதே மறந்துவிடுங்கள். பெர்மிட் இல்லாமல் எழுப்பிய அறை என்றைக்காவது வெளியே வரும். அப்பா நடமாடிக்கொண்டிருக்கும்போதே இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம், அல்லது வீட்டை விற்கப் போகும் நாளில் வாங்குபவரின் இன்ஸ்பெக்டர் கண்டுபிடிக்கலாம். அதற்குப் பிறகு போர்டிடம் போனால், "இந்தச் சிக்கலை நீங்களே உண்டாக்கிக்கொண்டீர்கள்" என்பார்கள். தானே வரவழைத்துக்கொண்ட கஷ்டத்தைச் சட்டம் கஷ்டமாகவே எடுத்துக்கொள்ளாது.

நண்பர் சொன்னதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் மக்கள் பெரும்பாலும் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

நியூ ஜெர்சியில் வேரியன்ஸ் என்பது 1975ல் வந்த முனிசிபல் லேண்ட் யூஸ் லா என்ற மாநிலச் சட்டத்தின்படி கொடுக்கப்படும் விதிவிலக்கு. அது உங்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை, உங்கள் மனைக்குக் கொடுக்கப்படுகிறது. நாளைக்கு வீட்டை விற்றாலும் வேரியன்ஸ் அந்த மண்ணோடேயே இருக்கும். அதனால்தான் போர்டு, குடியிருப்பவரின் உடம்பையோ வருமானத்தையோ பார்க்காமல், அந்த மனையின் அளவையும் வடிவத்தையும் பார்க்கிறது. சட்டத்தில் வரும் கஷ்டம் என்ற சொல்லுக்கு நாம் வீட்டில் படும் கஷ்டம் பொருளில்லை. மனை குறுகலாக இருக்கிறது, ஆழம் குறைவு, வடிவம் கோணல், சரிவு இருக்கிறது, அல்லது முறையாகக் கட்டி நிற்கும் வீடே ஒரு வசதிக்கு இடம் கொடுக்காத விதத்தில் அமைந்திருக்கிறது, இந்த மாதிரிக் காரணங்கள்தான் செல்லும்.

ஒரு ஹியரிங்கில், அதாவது போர்டின் விசாரணைக் கூட்டத்தில், நான் கண்ணால் கண்டது. அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து போர்டு முன் காட்டினார் ஒருவர். குரல் உடைந்து பேசினார். அங்கிருந்த அத்தனை பேர் முகத்திலும் இரக்கம் தெரிந்தது. அப்புறம் தலைவர் மெதுவாகக் கேட்டார்: "உங்கள் லாட்டைப் பற்றி ஏதாவது சொல்ல இருக்கிறதா?" அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஹியரிங்கைத் தள்ளிவைத்து, ஒரு பிளானரை (நிலப் பயன்பாட்டு நிபுணர்) அழைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். இரண்டு மாதம் போனது.

டாக்டர் கடிதத்தால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உடல் ஊனம் உள்ளவர்களுக்காக ஊர் தன் விதிகளை நியாயமான அளவு தளர்த்த வேண்டும் என்று கூட்டாட்சி வீட்டுரிமைச் சட்டம் சொல்கிறது. அது தனி வழி, அந்தத் துறை தெரிந்த வக்கீலோடு பேசிச் செய்ய வேண்டியது. அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் அடியாக எடுக்க வேண்டாம். உங்களுக்கு அதைவிட நல்ல வாதம் ஒன்று அந்த லாட்டிலேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் பிளானைத் திருத்த வேண்டும். மூன்று வேரியன்ஸோடு போவதற்கும் ஒன்றோடு போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு விலகலுக்கும் தனித்தனியாகக் காரணம் காட்டியாக வேண்டும். "இதைத் தவிர்த்திருக்கலாமே" என்று போர்டு உறுப்பினர் கேட்டு, நம்மிடம் பதில் இல்லாமல் போனால் மற்ற இரண்டின் மேலும் நம்பிக்கை குறையும்.

உங்கள் சர்வேயின் மேல் ஒரு டிரேசிங் தாளைப் போட்டு வரைந்து பார்த்தேன். வீட்டுக்கு முன்னால் காலி இடம் 25 அடி, வீட்டின் ஆழம் 32 அடி. மீதி பின்பக்கம் 43 அடி. அதில் 17 அடியை எடுத்தால் 26 மிஞ்சும். குறை அங்கே வருகிறது. அறையை அப்படியே திருப்பிப் போடுங்கள். அகலம் 18 அடி, ஆழம் பன்னிரண்டரை அடி. பின்பக்கம் 30.5 அடி மிஞ்சும். நீங்கள் கேட்ட 238 சதுர அடிக்குப் பதில் 225 கிடைக்கும். பதின்மூன்று சதுர அடிதான் இழப்பு. அப்பாவின் கட்டில், சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம், வாசற்படி இல்லாத ஷவர், எல்லாம் இதற்குள் வரும், நான் வரைந்து பார்த்துவிட்டேன். அந்த அரையடியை விட்டு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சரியாக 30ல் நிறுத்தினால், அஸ்திவாரம் போட்டபின் எடுக்கும் சர்வேயில் இரண்டு அங்குலம் தவறினாலும் மறுபடி போர்டு வாசல்தான்.

இடது பக்கக் குறை இன்னும் சுலபம். வீட்டுச் சுவர் ஏற்கெனவே எல்லையிலிருந்து 6 அடியில் நிற்கிறது. அதே கோட்டில் அறையையும் நீட்டியிருக்கிறார்கள். பழைய சுவர் அங்கே இருப்பதால் புதிய சுவருக்கும் அந்த உரிமை தானாக வந்துவிடாது. அறையை இரண்டடி உள்ளே தள்ளுங்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரு சின்ன மடிப்பு தெரியும், அவ்வளவுதான்.

மிஞ்சுவது கட்டடப் பரப்பு. காரேஜும் சேர்த்து வீடு 36 அடிக்கு 32 அடி, 1,152 சதுர அடி. பின்னால் இருக்கும் 10 அடிக்கு 12 அடி ஷெட் 120. மொத்தம் 1,272. உங்கள் லாட்டுக்கு அனுமதி 1,250. ஆக அந்த ஷெட்டால் இன்றைக்கே நீங்கள் வரம்பைத் தாண்டித்தான் இருக்கிறீர்கள். ஷெட்டை எடுத்துவிடுகிறோம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். அப்போது வீடும் புதிய அறையும் சேர்ந்து 1,377, அதாவது 27.5 சதவீதம். முப்பதைத் தாண்டிய எண் இருபத்தேழரைக்கு இறங்குகிறது. புல்வெட்டும் இயந்திரம் காரேஜில் இருந்துகொள்ளட்டும்.

டிரைவ்வே, பாடியோ எல்லாம் சேர்ந்த, தண்ணீர் இறங்காத பரப்புக்கு உங்கள் ஊரில் தனி வரம்பு இருக்கிறதா என்பதையும், மாடியையும் சேர்த்துக் கணக்கிடும் தளப்பரப்பு விகிதத்துக்கு வரம்பு இருக்கிறதா என்பதையும் ஜோனிங் ஆபீசரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது முக்கியம். பரப்பு, செட்பேக் (எல்லையிலிருந்து விட வேண்டிய இடம்) போன்றவை "சி" வகை வேரியன்ஸ். ஹியரிங்கில் இருக்கும் போர்டு உறுப்பினர்களில் பெரும்பான்மை போதும். தளப்பரப்பு விகிதத்தைத் தாண்டினால் அது "டி" வகை. அதற்கு ஏழு பேர் கொண்ட போர்டில் குறைந்தது ஐந்து பேர் ஆதரவாக ஓட்டுப் போட வேண்டும்.

இப்போது அடுப்பு. இதைச் சொல்ல எனக்கே மனமில்லை. அம்மா தனியாகக் காபி போட்டுக்கொள்ள, அவருக்குப் பிடித்த நேரத்தில் ஒரு ரசம் வைத்துக்கொள்ள நீங்கள் நினைத்தது எனக்குப் புரிகிறது. ஆனால் தனி வாசல், பாத்ரூம், அடுப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் பல ஊர்களில் அதை அறை என்று பார்க்க மாட்டார்கள், இரண்டாவது வீடு என்பார்கள். ஒரு குடும்பத்துக்கான மண்டலத்தில் இரண்டு வீடு என்றால் நிலத்தின் பயன்பாட்டையே மாற்றும் வேரியன்ஸ் வேண்டும். அதுவும் "டி" வகை, அதே ஐந்து ஓட்டு, அதோடு நிரூபிக்க வேண்டியதும் பல மடங்கு. வாடகைக்கு விடப் போகிறீர்களோ என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களும் எழுந்து நிற்பார்கள். அடுப்பை விடுங்கள். ஒரு சின்ன சிங்க், கீழே ஃப்ரிட்ஜ், மேலே மின் கெட்டில் இவை போதுமா என்று அம்மாவிடம் கேளுங்கள். சிங்க்கையும் ஆபீசரிடம் காட்டிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிவாசல் வேண்டுமென்றால் அது தோட்டத்துக்குப் போகும் கதவாக இருக்கட்டும். வீட்டுச் சமையலறையிலிருந்து அறைக்குப் போகும் கதவு மூன்றடி அகலத்தில், வரைபடத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இருக்கிறது என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்வதைவிட அந்தக் கதவு நன்றாகச் சொல்லும்.

சரி, வாதத்துக்கு வருகிறேன். உங்கள் மண்டலத்தில் ஒரு லாட்டுக்குக் குறைந்த அளவு 60 அடி அகலம், 6,000 சதுர அடி என்று மறுப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். உங்களுடையது 50 அடி, 5,000 சதுர அடி. ஜோனிங் விதி வருவதற்கு முன்பே பிரித்த மனை என்பது வரைபடத்தின் தேதியிலிருந்து தெரிகிறது. விதி எதிர்பார்க்கும் 6,000 சதுர அடி உங்களுக்கு இருந்திருந்தால் அனுமதி 1,500 சதுர அடி. நீங்கள் கேட்பதோ 1,377. கிட்டத்தட்ட 23 சதவீதம். அதாவது விதிப்படியான லாட்டில் இதே வீடும் இதே அறையும் வேரியன்ஸ் கேட்காமலேயே கட்டியிருக்கலாம். வீடு பெரிதாகிவிட்டதால் வந்த குறையில்லை இது, மனை சிறிதாகப் பிறந்ததால் வந்த குறை. இந்த ஒரு கணக்கைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். ஹியரிங்கில் உங்கள் ஆர்க்கிடெக்ட் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும்.

"இந்த அறை இல்லாவிட்டால் வீட்டில் இருக்கவே முடியாதா?" என்று ஒருவர் கேட்கக்கூடும். அப்படி நிரூபிக்க வேண்டிய அவசியமில்லை. நார்த் கால்டுவெல் ஊரில் ஒரு குடும்பம் தங்கள் குறுகலான மனையில் நீச்சல் குளம் வைக்க வேரியன்ஸ் வாங்கியது. எதிர்ப்பு வந்து வழக்கு மேலே போனது. 1999ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த அனுமதி செல்லும் என்றது. மனை குறுகலாக இருப்பதால் அதை நியாயமாகப் பயன்படுத்த முடியாமல் தடைபட்டால் போதும், மனையே உபயோகமற்றுப் போனதாகக் காட்ட வேண்டியதில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். லாங் வழக்கு என்பார்கள். போர்டின் வக்கீலுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இன்னொரு கேள்வி நிச்சயம் வரும்: "பக்கத்து மனையிலிருந்து கொஞ்சம் நிலம் வாங்கிப் பார்த்தீர்களா?" சிறிய லாட் என்று சொல்லி வருபவர்களிடம் வழக்கமாகக் கேட்பது. உங்கள் வலது பக்கத்து வீடும் 50 அடிதான், இடது பக்கம் சரியாக 60. இருவரில் யார் ஓரடி விற்றாலும் அவர்கள் மனை விதிக்குக் கீழே போகும், அல்லது இன்னும் கீழே போகும். டாக்ஸ் மேப்பின் நகலில் இரண்டையும் வண்ணமிட்டுக் காட்டுங்கள். தெருவில் மற்றவை 60, 65 அடி என்பதும் அதே தாளில் தெரியும். தெரு முழுக்க 50 அடி லாட்டாக இருந்திருந்தால் "உங்கள் மனையில் என்ன விசேஷம்" என்று கேட்டிருப்பார்கள். அந்த விதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

அப்பாவைப் பற்றி எங்கே சொல்வது என்று நினைப்பீர்கள். "மாடிக்கு மேல் கட்டலாமே" என்று கேட்கும்போது சொல்லுங்கள். இந்த வீட்டில் கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளிக்க ஒரு இடமும் இல்லை, படி ஏற முடியாத யாருக்கும் இது வீடாக இருக்க முடியாது, எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இப்போது இருக்கிறார், நாளைக்கு வருபவர் வீட்டிலும் இருப்பார். இரண்டு வாக்கியம் போதும். அது உண்மை, அது வீட்டைப் பற்றிய உண்மையும்கூட.

காரணம் காட்டுவது பாதி வேலை. இந்த அறையால் அக்கம்பக்கத்துக்கும் ஊரின் ஜோனிங் திட்டத்துக்கும் பெரிய பாதிப்பு இல்லை என்றும் காட்ட வேண்டும். பரப்பு அதிகமானால் எல்லாருக்கும் வரும் கவலை மழைத் தண்ணீர். ஐடா புயலில் 2021 செப்டம்பரில் நம் பக்கத்து பேஸ்மென்ட்கள் நிறைந்ததை யாரும் மறக்கவில்லை. அதனால் அறையின் கூரைத் தண்ணீரை ஒரு டிரை வெல்லுக்குள் இறக்குகிறோம் என்று வரைபடத்திலேயே போட்டுக் கொண்டுபோங்கள். கல் நிரப்பிய நிலத்தடித் தொட்டி அது. தண்ணீர் அங்கேயே மண்ணில் இறங்கிவிடும். எந்த அளவு என்று உங்கள் இன்ஜினியர் மண்ணைப் பார்த்துச் சொல்வார். இடது பக்கச் சுவரில் ஜன்னலை உயரத்தில் வையுங்கள். வெளிச்சம் வரும், பக்கத்து வீட்டின் பேக்யார்டு தெரியாது. ஏசி இயந்திரத்தை அந்தப் பக்கம் வைக்க வேண்டாம்.

இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கு நீங்கள் நேரில் போக வேண்டும். ஹியரிங் நோட்டீஸ் அவர்கள் கைக்குப் போகும் முன்பே போங்கள். தபாலில் வரும் சட்ட மொழி யாரையும் பயமுறுத்தும். பின்பக்கத்து வீட்டு அம்மையார் செடிகளுக்கு வெயில் மறைக்குமோ என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தரைத்தளம் மட்டும்தான், உயரம் இவ்வளவு என்று அவரை உங்கள் தோட்டத்திலேயே நிறுத்தி, ஒரு கழியை நட்டுக் காட்டுங்கள். சம்மதம் என்பவர்களிடம் கையெழுத்து வாங்கி வைப்பதால் அதிகப் பயன் இல்லை. நேரில் வந்து சத்தியப் பிரமாணத்தோடு பேசினால்தான் பெரும்பாலான போர்டுகள் எடுத்துக்கொள்ளும். ஒருவர் வந்தால் போதும். போர்டு உறுப்பினர் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவரிடம் மட்டும் இதைப் பற்றிப் பேசாதீர்கள், கோயிலில் பார்த்தால்கூட. பேசினால் அவர் ஓட்டுப் போடாமல் விலக வேண்டிவரும்.

நோட்டீஸ் விஷயத்தில் மிகக் கவனம் வேண்டும். உங்கள் எல்லையிலிருந்து 200 அடிக்குள் இருக்கும் எல்லா உரிமையாளர்களுக்கும் நீங்கள்தான் அதை ஹியரிங்குக்குக் குறைந்தது 10 நாள் முன்பாகச் சான்றளிக்கப்பட்ட தபாலிலோ நேரிலோ சேர்ப்பிக்க வேண்டும். பொது அறிவிப்பாகவும் வெளியிட வேண்டும். பெயர்ப் பட்டியலை நீங்களே தயாரிக்காதீர்கள். டவுன்ஷிப்பிடம் கேட்டால் 7 நாளுக்குள் கொடுப்பார்கள், பெயருக்கு 25 சென்ட் அல்லது மொத்தம் 10 டாலர், எது அதிகமோ அது கட்டணம். அந்தப் பட்டியலை நம்பி அனுப்பியவர்களைச் சட்டம் காப்பாற்றும். கவுண்டி சாலை ஓரமாக இருந்தால் கவுண்டிக்கும் அனுப்ப வேண்டும். நோட்டீஸில் மூன்று வேரியன்ஸ் என்ற பழைய எண்ணை எழுதிவிடாமல், திருத்திய பிளானின் எண்களை எழுதுங்கள். நோட்டீஸ் பிசகினால் அன்று கேட்கவே போர்டுக்கு அதிகாரம் இல்லை.

விண்ணப்பக் கட்டணத்தோடு எஸ்க்ரோ என்று ஒரு தொகை கேட்பார்கள். போர்டின் இன்ஜினியரும் வக்கீலும் உங்கள் கோப்பைப் படிக்கும் நேரத்துக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். மிச்சம் திரும்பி வரும், தீர்ந்தால் மேலும் கட்ட வேண்டும். கோப்பு எவ்வளவு தெளிவோ அவ்வளவு மிச்சம். வீடு உங்கள் பெயரில் இருப்பதால் வக்கீல் கட்டாயமில்லை. ஒரே ஒரு "சி" வேரியன்ஸுக்கு நல்ல ஆர்க்கிடெக்ட், முடிந்தால் மாநில உரிமம் பெற்ற ஒரு பிளானர் போதும் என்பது என் அபிப்பிராயம். எதிர்ப்பு பலமாக இருக்கும் என்று தெரிந்தால் வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கைத் தெரிந்துகொண்டு அப்பாவின் டிக்கெட்டைப் போடுங்கள். விண்ணப்பம் முழுமையா என்று சொல்ல டவுன்ஷிப்புக்கு 45 நாள். முழுமையானதிலிருந்து போர்டு முடிவெடுக்க 120 நாள். ஓட்டு முடிந்ததும் எழுத்துத் தீர்மானம் வழக்கமாக அடுத்த கூட்டத்தில் வரும். முடிவின் பொது அறிவிப்பு வெளியான நாளிலிருந்து 45 நாள்வரை யாரும் கோர்ட்டுக்குப் போகலாம். அதற்குள் அஸ்திவாரம் தோண்டினால் அந்த ஆபத்து உங்களுடையது. கட்டுமானப் பெர்மிட் எப்படியும் தீர்மானம் வந்த பிறகுதான்.

அதுவரை அவர்கள் வந்து தங்கினால், கீழே இருக்கும் சாப்பாட்டு அறையில் கட்டிலைப் போட்டு, அந்தச் சின்ன டாய்லெட்டுக்குக் கைப்பிடி வையுங்கள். அந்த டாய்லெட்டை ஒட்டியிருக்கும் கோட் அலமாரியை உள்ளே சேர்த்தால் ஒரு ஷவர் வருமா என்று எனக்கு அளவெடுத்து அனுப்புங்கள். வீட்டுக்குள்ளேயே செய்யும் வேலை அது. பிளம்பிங் பெர்மிட் வேண்டும், வேரியன்ஸ் வேண்டாம்.